நான்கு நாளில் ஒரு திருத்தம், நூறு ஆண்டில் ஒரு சட்டம்

1975 ஆகஸ்ட் 7ஆம் தேதி மக்களவையில் அரசியலமைப்புத் திருத்த மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கே நிறைவேறிவிட்டது. 8ஆம் தேதி மாநிலங்களவை. 9ஆம் தேதி மாநிலச் சட்டமன்றங்கள் அவசரமாகக் கூட்டப்பட்டு ஒப்புதல் தந்தன. 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். நான்கே நாள், வேலை முடிந்தது.

அதுதான் 39ஆவது திருத்தம். பிரதமர் ஜெயித்த தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்பது அதன் சாரம். இரண்டு மாதம் முன்பு, ஜூன் 12 அன்று, இந்திரா காந்தி ரேபரேலியில் வென்றது செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஜூன் 25 இரவு அவசரநிலை வந்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் ஆகஸ்ட் 11 அன்று விசாரணைக்கு வரவிருந்தது, அதற்கு முந்தின நாள் திருத்தம் தயார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அரசியலமைப்பு கேட்ட எந்தப் படியையும் அவர்கள் தாண்டிக் குதிக்கவில்லை. இரண்டு அவை, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, பாதி மாநிலங்களின் ஒப்புதல், குடியரசுத் தலைவர் கையெழுத்து, எல்லாம் முறைப்படி நடந்தன. காகிதத்தில் பார்த்தால் இவ்வளவு காவல் உள்ள நடைமுறை உலகில் அதிகம் கிடையாது. ஆனால் எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது, எல்லாக் கதவின் சாவியும் ஒரே கொத்தில், ஒரே கையில் இருந்தது. அதனால் எத்தனை கதவு இருந்தும் ஒரே தள்ளில் திறந்துவிட்டன.

இதற்கு நேர் எதிரான கதை போலந்தில் நடந்தது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அந்நாட்டின் நாடாளுமன்றத்துக்குச் செய்ம் என்று பெயர். அங்கே உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து “நான் அனுமதிக்கமாட்டேன்” என்று சொன்னால் போதும். அந்த மசோதா மட்டும் அல்ல, மொத்தக் கூட்டத்தொடரும் கலைந்துவிடும், அதுவரை அந்தத் தொடரில் நிறைவேற்றிய சட்டங்களும் செல்லாமல் போகும். லிபரும் வீட்டோ என்று இதைச் சொல்வார்கள். 1652இல் ஒருவர் இதைப் பயன்படுத்திக் காட்டினார், அதற்குப் பிறகு இது வழக்கமே ஆகிவிட்டது. மூன்றாம் அகஸ்டஸ் அரசராக இருந்த முப்பது ஆண்டில் செய்ம் ஒரே ஒருமுறைதான் கூடி வேலையை முடித்துக் கலைந்தது. பக்கத்து நாடுகளான ரஷ்யாவுக்கும் பிரஷ்யாவுக்கும் இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாட்டின் கையைக் கட்ட படை அனுப்ப வேண்டாம், ஒரு உறுப்பினருக்குப் பணம் கொடுத்தால் போதும். 1791இல் விழித்துக்கொண்டு புதிய அரசியலமைப்பு எழுதி அந்த அதிகாரத்தை ஒழித்தார்கள். ஆனால் 1795க்குள் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைக் கூறுபோட்டு எடுத்துக்கொண்டுவிட்டன. அதன்பின் 123 ஆண்டு அப்படி ஒரு நாடு வரைபடத்திலேயே இல்லை.

இந்த இரண்டு கதைக்கும் நடுவில்தான் நம் பேச்சு. ஜனநாயகத்தில் இரண்டு பயம் எப்போதும் உண்டு. ஆட்சியில் இருப்பவர் நினைத்ததை எல்லாம் நினைத்த நேரத்தில் செய்துவிடுவாரோ என்பது ஒன்று. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய அரசு எதையுமே செய்ய முடியாமல் போய்விடுமோ என்பது இன்னொன்று. முதல் பயத்துக்காகத் தடைகள் வைக்கிறோம்: இரண்டாவது அவை, நீதிமன்றம், ஆளுநர், சிறப்புப் பெரும்பான்மை, நிலைக்குழு என்று. தடை கூடக்கூட இரண்டாவது பயம் வளர்கிறது. அப்போது எத்தனை தடை இருந்தால் சரி என்று கேட்கத் தோன்றும். நானும் வெகுநாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எண்ணிக்கையைப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு தடையையும் தனித்தனியாக எடுத்து, இதன் சாவி யார் கையில், தடுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டுமா, அந்தத் தடை எந்தத் தேதியில் தீரும் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடுகிறது.

முதலில் சாவி. இந்தியாவில் ஒரு சாதாரண மசோதா சட்டமாக வேண்டுமென்றால் மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் வந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும், அப்புறம் குடியரசுத் தலைவர் ஒப்புதல். இரண்டு அவையும் முட்டிக்கொண்டால் கூட்டுக்கூட்டம் நடத்தலாம். அதில் மக்களவைக்கு ஆள் பலம் அதிகம் என்பதால் பெரும்பாலும் அதன் கருத்துதான் நிற்கும். ஆனாலும் இதுவரை மூன்று முறைதான் கூட்டுக்கூட்டத்தில் சட்டம் நிறைவேறியிருக்கிறது: 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம், 1978இல் வங்கிப் பணி ஆணையத்தை ரத்து செய்தது, 2002இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்.

மாநிலங்களவை ஏன் வேறு சாவி என்றால், அது ஒரே நாளில் உருவாவதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மாறுவார்கள், அவர்களைத் தேர்ந்தெடுப்பது மாநில எம்எல்ஏக்கள். ஆக, ஒரு மக்களவைத் தேர்தலில் அலை அடித்தால் அது மாநிலங்களவைக்கும் வந்து சேர்வதற்குள் பல மாநிலத் தேர்தல்கள் முடிந்திருக்கும். ஒரு நாள் மனநிலைக்கு மொத்த நாட்டையும் ஒப்படைத்துவிடக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கம் 1985இல் 52ஆவது திருத்தமாகக் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்எல்ஏ பதினைந்து நாளுக்குள் மூன்று முறை கட்சி மாறினார், ‘ஆயா ராம் கயா ராம்’ என்ற பேச்சே அதிலிருந்து பிறந்தது. காலையில் ஒரு ஆட்சி, மாலையில் ஒரு ஆட்சி என்றால் எந்தக் கொள்கையும் ஓடாது. அதனால் தாவினால் பதவி போகும் என்றார்கள். அதோடு நிற்காமல், கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலும் பதவி போகும் என்றும் எழுதிவிட்டார்கள். ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் இது இருந்தால் புரிந்துகொள்ளலாம். எல்லா மசோதாவுக்கும் வைத்ததால் என்ன ஆனது? உங்கள் தொகுதி எம்பி ஒரு மசோதா தன் மக்களுக்குக் கெடுதல் என்று மனதார நினைத்தாலும், கட்சி சொன்னால் ஆதரித்துத்தான் வாக்களிக்க வேண்டும். 543 கதவு இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கட்சி அலுவலகம் மட்டும் மிஞ்சியது. நம் நாட்டின் தடைகளில் உள்ளிருந்தே அரித்துப்போனது இதுதான் என்பது என் கருத்து, இதைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

அப்புறம் சுற்றுவழிகள். தடையை உடைக்க வேண்டாம், பக்கத்தில் ஒரு சந்து இருந்தால் போதும். நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் அவசரச் சட்டம் போடலாம், அவை கூடிய பிறகு ஆறு வாரத்துக்குள் அதை ஏற்காவிட்டால்தான் காலாவதியாகும். பண மசோதா என்று சபாநாயகர் சான்று தந்துவிட்டால் மாநிலங்களவையால் தடுக்க முடியாது, 14 நாளுக்குள் பரிந்துரை சொல்லலாம், அவ்வளவுதான், அதை மக்களவை ஏற்கவும் ஏற்கலாம், தள்ளவும் தள்ளலாம். 2016இல் ஆதார் சட்டம் அப்படித்தான் வந்தது. மாநிலங்களவை சொன்ன திருத்தங்களை மக்களவை அன்றைக்கே நிராகரித்தது. அது பண மசோதாதான் என்று 2018இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை ஏற்றுக்கொண்டது, நீதிபதி சந்திரசூட் மட்டும் அதை அரசியலமைப்பின் மீது செய்த மோசடி என்று மாறுபட்டு எழுதினார். நிலைக்குழு இன்னொரு உதாரணம். மசோதாவை வரி வரியாகப் படித்து, துறைச் செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்டு, பாதிக்கப்படுபவர்களையும் கேட்டு அறிக்கை தரும் இடம் அது, அங்கே கட்சிக் கொறடா கிடையாது. 2009 முதல் 2014 வரை இருந்த மக்களவையில் சுமார் 70 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 2019 முதல் 2024 வரை இருந்ததில் அது சுமார் 16 சதவீதம். குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை என்பதால் இதைக் கேட்க வழியில்லை.

இங்கே ஒருவர் கேட்பார்: சீக்கிரம் நடந்தால் நல்லதுதானே, எதற்கு இந்த இழுபறி? நல்ல கேள்வி. அதற்கு இரண்டு இந்தியச் சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

மூன்று வேளாண் சட்டங்களை 2020 ஜூன் 5 அன்று அவசரச் சட்டமாகப் போட்டார்கள், கொரோனா ஊரடங்கு நடுவில். செப்டம்பரில் மசோதாவாக வந்தபோது குழுவுக்கு அனுப்பவில்லை. மாநிலங்களவையில் செப்டம்பர் 20 அன்று அவற்றில் இரண்டை எடுத்தார்கள், எதிர்க்கட்சிகள் எண்ணி வாக்கெடுக்கச் சொல்லிக் கேட்டன, அவையில் பெரும் அமளி, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் மூன்றும் சட்டம். நவம்பர் கடைசியில் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் டெல்லி எல்லைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்தி வைத்தது. 2021 நவம்பர் 19 அன்று பிரதமர் தொலைக்காட்சியில் வந்து திரும்பப் பெறுகிறோம் என்றார், 29ஆம் தேதி இரண்டு அவையிலும் விவாதமே இல்லாமல் ரத்து. வந்த வேகத்திலேயே போயிற்று. அந்தச் சட்டங்களில் நல்லது இருந்ததா கெட்டது இருந்ததா என்பதில் நேர்மையானவர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. குழு அறையில் ஆறு மாதம் கேட்டிருக்க வேண்டிய ஆட்சேபங்களை, குளிரிலும் வெயிலிலும் ஓராண்டு ரோட்டில் உட்கார்ந்து சொல்ல வைத்தார்கள். விவசாயச் சீர்திருத்தம் என்ற பேச்சையே இனி எந்த அரசும் எடுக்கத் தயங்கும்.

ஜிஎஸ்டி வந்த வழி வேறு. 2006 பட்ஜெட் உரையில் ப. சிதம்பரம், 2010 ஏப்ரலில் கொண்டுவருவோம் என்றார். வரவில்லை. 2011இல் திருத்த மசோதா வந்தது, மாநிலங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, 2014இல் மக்களவையோடு சேர்ந்து காலாவதி ஆனது. அடுத்து வந்த அரசு அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி கொண்டுவந்தது. மக்களவையில் 2015 மே மாதம் நிறைவேறிவிட்டது, ஆனால் மாநிலங்களவையில் ஆளும் கூட்டணிக்குப் பலம் இல்லை. அங்கே தெரிவுக்குழுவுக்குப் போய், எதிர்க்கட்சிகளோடு பேசிப் பேசி, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஒரு சதவீதம் கூடுதல் வரி என்றிருந்ததைக் கைவிட்டு, மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு நஷ்ட ஈடு என்று உறுதி கொடுத்து, 2016 ஆகஸ்ட் 3 அன்று நிறைவேற்றினார்கள். எதிர்த்து ஒரு வாக்கு விழவில்லை. உற்பத்தி மாநிலமான தமிழ்நாட்டுக்கு வருவாய் போகும் என்று சொல்லி அதிமுக வெளிநடப்பு செய்தது, அந்தக் கவலையிலும் நியாயம் இருந்தது.

பத்து ஆண்டு இழுத்ததால் ஜிஎஸ்டி தங்கமாக அமைந்தது என்று நான் சொல்லமாட்டேன். 2017 ஜூலையில் அது வந்தபோது சிறு வியாபாரிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். கோயம்புத்தூரின் வெட் கிரைண்டருக்கு ஆடம்பரப் பொருள் போல 28 சதவீதம் போட்டுவிட்டு, நவம்பரில் குவாஹாட்டியில் கூடி 12 ஆகக் குறைத்தார்கள். ஆனால் இங்கேதான் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தத் தவறைத் திருத்த ஒரு இடம் இருந்தது. பத்து ஆண்டு பேரத்தில் பிறந்த ஜிஎஸ்டி கவுன்சில் அது. அதில் மத்திய அரசுக்கு வாக்கில் மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். மத்திய அரசை ஒதுக்கிவிட்டு மாநிலங்கள் முடிவெடுக்க முடியாது. மாநிலங்களில் பெரும்பாலானவற்றைச் சேர்க்காமல் மத்திய அரசாலும் முடியாது. ஒரு மாநிலம் மட்டும் முரண்டு பிடித்தால் அதனால் எல்லாவற்றையும் நிறுத்தவும் முடியாது. போலந்துக்காரர்களுக்கு இப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் என்று எனக்குத் தோன்றும்.

சரி, தடை என்றாலே நல்லது, வேகம் என்றாலே ஆபத்து என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. நாங்கள் முன்பு குடியிருந்த அடுக்குமாடியில் லிஃப்ட் வைப்பது பற்றி ஒரு பேச்சு வந்தது. பொதுச் செலவு எதுவானாலும் எல்லா வீட்டுக்காரரும் கையெழுத்திட வேண்டும் என்று சங்கத்தில் ஒரு விதி. கேட்க எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது! ஆனால் தரைத்தளத்துக்காரருக்கு லிஃப்ட் எதற்கு? அவர் சண்டை போடவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. மூன்றாவது மாடியில் முழங்கால் வலியோடு இருந்த ஒரு பாட்டி, கடைசி வரை படியேறித்தான் போனார். எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்ற விதி நடுநிலையான விதி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. இருப்பது இருந்தபடியே இருந்தால் யாருக்கு வசதியோ, அவர் பக்கம் சாய்ந்த விதி அது.

அமெரிக்க செனட்டின் கதை இதன் மிகக் கொடிய வடிவம். அங்கே விவாதத்துக்கு எல்லை கிடையாது என்பது பழைய மரபு. ஒரு மசோதா பிடிக்கவில்லையா, எழுந்து பேச ஆரம்பிக்கலாம், பேசிக்கொண்டே இருக்கலாம். ஃபிலிபஸ்டர் என்று பெயர். 1957இல் சிவில் உரிமை மசோதா ஒன்றை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட் உறுப்பினர் 24 மணி 18 நிமிடம் நின்று பேசினார். பேச்சை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போக 1917 முதல் மூன்றில் இரண்டு பங்கும், 1975 முதல் மொத்த 100 உறுப்பினர்களில் 60 பேரும் தேவை. 51 பேர் ஆதரவு இருந்தாலும் பெரும்பாலான மசோதாக்கள் நகராது. சிறுபான்மைக் கருத்துக்கு இது பாதுகாப்பு என்பார்கள். எந்தச் சிறுபான்மைக்கு? கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்வதை மத்தியக் குற்றமாக்கும் மசோதாவை 1922 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றி அனுப்பியது. செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் பேசியே அதைக் கொன்றார்கள். அதன் பிறகும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள், திரும்பத் திரும்பத் தடுத்தார்கள். 2005இல் செனட், இதைச் செய்யத் தவறியதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. சட்டம் வந்தது 2022 மார்ச்சில். நூறு ஆண்டு. இடையில் கொல்லப்பட்டவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு யாரைப் பாதுகாத்தது என்று தெரியும்.

அப்போது என்னதான் வழி? எனக்குத் தெரிந்தவரை இதற்கு நல்ல பதில் ஒன்று பிரிட்டனில், அதுவும் ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு கிடைத்தது. 1909இல் லாய்ட் ஜார்ஜ் நிதியமைச்சராக ஒரு பட்ஜெட் கொண்டுவந்தார், நிலச் சொத்துக்கும் பெரும் பணக்காரர்களுக்கும் வரி. பரம்பரைப் பிரபுக்கள் நிறைந்த மேலவை அதைத் தள்ளியது. அடுத்த ஆண்டு ஜனவரியிலும் டிசம்பரிலும் இரண்டு பொதுத்தேர்தல் நடந்தன. கடைசியில் 1911இல் ஒரு சட்டம் வந்தது: மேலவை இனி பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்த முடியாது, மற்ற மசோதாக்களை இரண்டு ஆண்டு தாமதப்படுத்தலாம், கொல்ல முடியாது. 1949இல் அந்த இரண்டு ஆண்டை ஓராண்டாகக் குறைத்தார்கள்.

தாமதப்படுத்தலாம், கொல்ல முடியாது. இந்த வித்தியாசம் மிகப் பெரியது. ஓராண்டு என்பது சாதாரணமானது அல்ல. அதற்குள் பத்திரிகைகள் படித்துவிடும், பாதிக்கப்படுபவர்கள் திரண்டுவிடுவார்கள், ஆளுங்கட்சிக்குள்ளேயே சந்தேகம் எழலாம். அவசரத்தில் செய்யும் தவறுகளில் பாதி அதற்குள் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதே நேரத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட அவை எல்லாவற்றையும் கேட்ட பிறகும் உறுதியாக இருந்தால் அதன் பேச்சு நிற்கும். 1949க்குப் பிறகு மேலவையின் சம்மதம் இல்லாமல் இந்த வழியில் வந்த சட்டங்கள் நான்கே நான்கு, கடைசியாக வந்தது 2004இல் நரி வேட்டையைத் தடை செய்த சட்டம். முக்கால் நூற்றாண்டில் நான்குதானா என்று முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால் புரிகிறது. தடை எந்தத் தேதியில் தீரும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்போது, உட்கார்ந்து பேசித் திருத்தி முடித்துக்கொள்வதுதான் இருவருக்கும் லாபம்.

நம் அரசியலமைப்பை எழுதியவர்களுக்கும் இது தெரியும். மாநிலங்களவைக்குப் பண மசோதாவில் 14 நாள். மாநில மேலவைக்கு முதல் சுற்றில் மூன்று மாதம், இரண்டாம் சுற்றில் ஒரு மாதம், அதற்கு மேல் இல்லை. தமிழ்நாட்டில் 1986 வரை இருந்த மேலவைக்கும் அவ்வளவுதான் அதிகாரம். அவைகளுக்கெல்லாம் நாள் குறித்தவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் குறிக்கவில்லை: குடியரசுத் தலைவர், ஆளுநர்.

1986இல் இந்தியத் தபால் திருத்த மசோதா இரண்டு அவையிலும் நிறைவேறியது. மக்களின் கடிதங்களைப் பிரித்துப் படிக்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. சும்மா வைத்துக்கொண்டார். அவர் பதவிக்காலம் முடிந்தது, மசோதா கடைசி வரை சட்டமாகவே இல்லை. அமெரிக்க அதிபருக்குப் பத்து நாள்தான் அவகாசம், நம் குடியரசுத் தலைவருக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதால் இது முடிந்தது. நம் கடிதம் தப்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான். பேசாமல் வைத்துக்கொள்வது எப்போதுமே தவறு என்று வாதிடுபவர்களை இந்தச் சம்பவம் தடுமாற வைக்கும், என்னையும் தடுமாற வைத்தது.

ஆனால் அதே மௌனம் இன்னொரு கையில் என்ன ஆகிறது என்று தமிழ்நாட்டிலேயே பார்த்தோம். சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பிய மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் கிடப்பில் கிடந்தன. பல, பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றியவை, பழையவை 2020 ஜனவரியில் போனவை. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போன பிறகு, 2023 நவம்பர் 13 அன்று பத்து மசோதாக்கள் திரும்பி வந்தன. 18ஆம் தேதி சிறப்புக் கூட்டம் கூடி அவற்றை அப்படியே மறுபடி நிறைவேற்றினார்கள். அவை மீண்டும் நிறைவேற்றினால் ஆளுநர் ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 200ஆவது பிரிவு. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, அப்படி அனுப்பியது சட்டத்துக்குப் புறம்பானது, பத்து மசோதாவும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று சொல்லி, இனி இத்தனை மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று காலக்கெடுவும் வகுத்தது. குடியரசுத் தலைவர் அதுபற்றி உச்ச நீதிமன்றத்திடமே கருத்துக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதி அமர்வு, அரசியலமைப்பில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் எழுத முடியாது, ஒப்புதல் தந்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் ஆளுநர் காரணமே இல்லாமல் முடிவின்றி வைத்திருந்தால் முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம் என்றது.

இதைப் படித்துவிட்டு ஆளுநரே வேண்டாம் என்பவர்கள் உண்டு, ஆளுநர் இருப்பதால்தான் மாநில அரசுகள் அடங்கியிருக்கின்றன என்பவர்களும் உண்டு. எந்தக் கட்சி மத்தியில், எந்தக் கட்சி மாநிலத்தில் என்பதைப் பொறுத்து இரண்டு வாதத்தையும் எல்லாருமே சொல்லியிருக்கிறார்கள். என் பிரச்சினை ஆளுநர் தடுத்தார் என்பதில் இல்லை. ஒரு மசோதா மோசமாக இருந்தால், மறுபடி யோசியுங்கள் என்று எழுதித் திருப்பி அனுப்புவது நல்ல காவல். அவையில் அதைப் படிப்பார்கள், நாமும் படிப்போம், தவறு யார் பக்கம் என்று நாமே பார்த்துக்கொள்வோம். கிடப்பில் போட்டால் படிக்க ஒரு வரிகூடக் கிடைக்காது. ஜெயில் சிங்கும்கூட, இது மக்களின் அந்தரங்கத்தில் தலையிடும் மசோதா என்று ஒரு பக்கம் எழுதி உடனே திருப்பியிருந்தால், அந்தச் சண்டை நாடாளுமன்றத்தில் நடந்திருக்கும், ஆவணமாகவும் நின்றிருக்கும்.

இதில் மனதை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவது பற்றிய பிரிவின் முதல் வரைவில் “ஆறு வாரத்துக்குள்” என்றுதான் இருந்தது. 1949இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால் அது “கூடிய விரைவில்” என்று மாறியது. சபை உறுப்பினர் ஹெச்.வி. காமத் எழுந்து ஆட்சேபித்தார். சபை அவர் பேச்சை ஏற்கவில்லை. ஆளுநருக்கான 200ஆவது பிரிவிலும் இன்று இருப்பது அதே “கூடிய விரைவில்”தான். கூடிய விரைவில் என்று எழுதியவர்கள் நாலைந்து நாளை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள், மூன்று ஆண்டையும் அதே சொல்லுக்குள் அடக்க முடியும் என்று அன்று யோசித்திருக்கமாட்டார்கள். நீதிமன்றத்தால் எழுத முடியாது என்று இப்போது தெளிவாகிவிட்டதால் நாடாளுமன்றம்தான் எழுத வேண்டும். பெரிய திருத்தம் ஒன்றும் தேவையில்லை, 1949இல் எடுத்துவிட்ட அந்த ஆறு வாரத்தை இரண்டு பிரிவிலும் திரும்ப வைத்து, திருப்பி அனுப்பும்போது காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.